இருபத்தேழு பக்க உத்தமர்

வேலையில் இருக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேலை தேடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இன்னொரு இனம் உண்டு. ஆயுள் சரியாக முப்பது நாள். ராஜினாமாக் கடிதத்தை நீட்டிய நிமிடத்தில் பிறந்து, கடைசி நாள் மாலை அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைக்கும்போது மறைந்துபோகிற இந்த இனத்துக்கு, நம் வசதிக்காக, 'போகிறவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கடிக்காது, பிடுங்காது. உபதேசம் மட்டும் செய்யும்.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? ரொம்பச் சுலபம். பத்து வருடமாகச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடந்த மனிதர் ஒரு நாள் நடைபாதையின் நட்ட நடுவில், இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடப்பார். ஒன்பது மணி அலுவலகத்துக்கு ஒன்பதரைக்கு வருவார், யாராவது கடிகாரத்தைப் பார்த்தால் தானும் கூடவே பார்த்து, "அடடே, ஒம்பதரை ஆயிடுச்சா!" என்று மனதார மகிழ்வார். கூட்டத்தில் கொட்டாவி வந்தால் வாயைக் கையால் மூட மாட்டார். மாடிப்படியில் பாடுவார். எதிரே வருகிற எல்லோரும் திடீரென்று அவருக்கு நல்லவர்களாகத் தெரிவார்கள். நல்லவர்களாகத் தெரிவதால் அவர்களைத் திருத்திவிட்டுப் போகவேண்டும் என்ற ஆசையும் வரும். அப்போது வாயைத் திறந்து, "நான் போறவன், எனக்கென்ன, உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்பார். இந்த வாக்கியம் காதில் விழுந்தால் உடனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள். உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன்.

இந்த இனத்தின் உத்தம மாதிரி ஒருவரைக் காட்டுகிறேன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் இருந்தவர். ஊரில் நானூறு சொச்சம் கட்டடங்களின் லிஃப்டுக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டு, கம்பிவடம் பார்த்து, கதவைச் சரிசெய்து வருவதற்குப் பதினெட்டு மெக்கானிக்குகள் அங்கே உண்டு. யார், எந்த நாள், எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்று தினமும் அட்டவணை போடுவதுதான் இவர் வேலை. அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் வேலையே பெயர் என்பதால் இவருக்கு 'அட்டவணை' என்று பெயர். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, லிஃப்ட் நின்றுபோய் மாட்டிக்கொண்டவர்களின் தொலைபேசியை எடுக்கிற பெண்ணுக்கு 'ஹலோ' என்று பெயர். அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடுமா என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் படியேறித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அட்டவணை போடுவது மகா கஷ்டமான காரியம் என்று அந்த அலுவலகமே நம்பியது. நம்பும்படி நடந்துகொண்டவர் இவர். காலையில் வந்து உட்கார்ந்ததும் கணினித் திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்புவார். புருவத்தை நெரிப்பார். முதுகுக்குப் பின்னால் தொங்குகிற நகர வரைபடத்தில் ஒரு சிவப்பு ஊசியைப் பிடுங்கி, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரொம்ப நேரம் யோசித்து, அதே துளையில் திரும்பச் செருகுவார். யாராவது "சார், ஒரு நிமிஷம்" என்று வந்தால் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். உயர்ந்த விரல் பன்னிரண்டரை மணி வரை இறங்காது. பன்னிரண்டரைக்கு அட்டவணை வெளியே வரும்போது அலுவலகமே மூச்சு விடும்.

உண்மை என்ன தெரியுமா? எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நீண்ட விடுமுறையில், வீட்டில் யாரோடும் பேசாமல் நான்கு நாள் உட்கார்ந்து, தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டு, கணினியில் ஒரு கணக்குத்தாள் செய்திருந்தார். மறுநாள் பார்க்கவேண்டிய கட்டடங்களின் எண்ணைத் தட்டினால் போதும். தூரம், லிஃப்டின் வயது, மெக்கானிக்கின் கைவேகம், அவர் மதியம் எங்கே தூங்குவார் என்பது உட்பட எல்லாவற்றையும் பார்த்து அதுவே வேலையைப் பங்கு பிரித்துவிடும். மொத்தம் நாற்பது நிமிடம். மிச்ச நேரத்தில் அவர் திரைக்குப் பின்னால் சதுரங்கம் ஆடினார். மகளின் இயற்பியல் பாடத்தை முதலிலிருந்து படித்தார். ஒரு வருடம் கவிதைகூட எழுதிப் பார்த்தார். அது சரியாக வரவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வேலை உத்தரவு வந்தது. 'முதுநிலை ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி. என்ன வேலை என்று யாருக்கும் புரியாத பதவிகளுக்கு இருக்கிற கௌரவம் வேறு எதற்கு இருக்கிறது? கடிதத்தை மனைவிக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினார். மறுநாள் காலையில் ராஜினாமாவை மேலாளரின் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது தன் எடையில் பாதி குறைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தரையில் கால் பாவவில்லை.

அந்த மிதப்பில் தர்மம் ஆரம்பமானது. சக்கரம் ஒழுங்காக உருளுகிற ஒரே நாற்காலியான தன் நாற்காலியை ஹலோவுக்குத் தானம் செய்துவிட்டு, அவளுடைய நொண்டி நாற்காலியில் சந்தோஷமாக ஆடிக்கொண்டு உட்கார்ந்தார். மேஜை விசிறியைக் கணக்கருக்குக் கொடுத்தார். பொருள் தீர்ந்ததும் உண்மைகளைக் கொடுக்க ஆரம்பித்தார்.

மூத்த மெக்கானிக்கைத் தோளில் கை போட்டு ஜன்னலோரம் கூட்டிப்போனார். "நான் போறவன், எனக்கென்ன, உங்க நல்லதுக்குச் சொல்றேன். நீங்க ஒரு மணி நேர வேலைக்கு மூணு மணி நேரம் எடுத்துக்கறது எனக்கு எட்டு வருஷமா தெரியும். வேண்டாம். உடம்பு கெட்டுடும்."

"உடம்பு ஏன் சார் கெடணும்?"

"சும்மா உக்காந்தா கெடாதா?"

மேலாளர் அம்மாளின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனார். "மேடம், உங்க திங்கக்கிழமை மீட்டிங் இருக்கே, அதுல ஒருத்தரும் கவனிக்கறதில்ல. எல்லாரும் தலையாட்டிக்கிட்டு இருப்போம். நான் மளிகை லிஸ்ட் எழுதுவேன்."

"அப்படியா? இத்தனை நாள் குறிப்பெடுக்கறீங்கன்னு நெனச்சேன்" என்று மேலாளர் சிரித்தார். மேலாளர்கள் சிரிப்பதைக் கண்டு பயப்படாத ஒரே பிராணி போகிறவர்தான்.

ஹலோவுக்கு மட்டும் கண்டிப்பில்லாமல், அண்ணன் மாதிரி அன்போடு சொன்னார். "ஆறு வருஷமா போன் எடுத்துக்கிட்டே இருக்கியேம்மா. உன் மூளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நேரா மேடம்கிட்ட போ. பெரிய வேலையா குடுங்கன்னு கேளு. கேக்காதவங்களுக்கு இங்க ஒண்ணும் கெடைக்காது."

"நெஜமாவா சார் சொல்றீங்க?" என்று அவள் தொலைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் போறவன். எனக்கு இதுல என்ன லாபம்?"

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர், அடுத்து வருகிறவருக்காக ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். வழக்கமாக எல்லோரும் அரைப் பக்கம் எழுதுவார்கள்: 'எல்லாம் ஃபைலில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்.' பிறகு கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள். உலகம் இப்படித்தான் பத்திரமாக நடந்துகொண்டிருக்கிறது.

நம்மவர் இருபத்தேழு பக்கம் எழுதினார்.

ஏன் எழுதினார்? அதைக் கொஞ்சம் கேலியில்லாமல் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக ஒரு கெட்டிக்காரத்தனத்தைச் செய்துவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? வேலை சுலபம் என்பதை மறைக்கப் போய், அதைச் சுலபமாக்கியது தன் மூளை என்பதையும் சேர்த்து மறைக்கும்படி ஆகிவிட்டது அந்த மனிதருக்கு. எத்தனையோ நாள் அந்தத் தாளின் அழகைப் பார்த்து, 'இதைப் பாருங்களேன்' என்று யாரையாவது கூப்பிட வாய் வரை வந்து விழுங்கியிருக்கிறார். இப்போது கதவு திறந்துவிட்டது. எழுதினார், எழுதினார், ஒரு வாரம் எழுதினார். படம் போட்டார். எந்த விசையை அழுத்த வேண்டும் என்று அம்புக்குறி போட்டார். அட்டவணை தானே திருத்திக்கொள்வது எப்படி என்று பதினான்காம் பக்கம். எந்த மெக்கானிக்கின் 'மூணு மணி நேரம் ஆச்சு சார்' என்பதை எத்தனையால் வகுக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் பக்கம். முதல் பக்கத்தின் உச்சியில், கொட்டை எழுத்தில், அடிக்கோடிட்டு: 'இந்த வேலைக்குத் தேவையான மொத்த நேரம்: நாற்பது நிமிடம்.' மேலாளருக்கு ஒரு பிரதி, எல்லா மெக்கானிக்குகளுக்கும் ஒரு பிரதி, ஹலோவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, பிள்ளைக்குப் பெயர் வைத்த அப்பன் மாதிரி நாலு பக்கமும் பார்த்தார்.

கடைசி வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா, கேக்குக்குச் சொல்லியாயிற்று. செவ்வாய்க்கிழமை பதினொன்றே கால் மணிக்கு, 'என் அருமை நண்பர்களே' என்று விடைபெறும் மடலை அவர் தட்டிக்கொண்டிருந்தபோது புதுக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. வரவேற்பு மடலாக இருக்கும் என்று புன்னகையோடு திறந்தார். 'எதிர்பாராத வணிகச் சூழல் காரணமாகத் தங்களுக்கு வழங்கப்பட்ட பணி உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது. தங்களின் எதிர்கால முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகள்.'

புன்னகை முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அப்படியே எழுந்து, அப்படியே நடந்து, மாடிப்படிக்குப் போய்த் தொலைபேசியில் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டார்.

"சார், எங்க பக்கமே ஆள் குறைக்கறாங்க சார். ரொம்ப வருத்தமா இருக்கு" என்றாள் மறுமுனையில் ஒரு பெண், வருத்தமே இல்லாத இனிமையான குரலில்.

"நான் இங்க ராஜினாமா பண்ணிட்டேம்மா!"

"புரியுது சார்."

"வெள்ளிக்கிழமை கடைசி நாளும்மா! கேக் சொல்லிட்டாங்க!"

"வாழ்த்துகள் சார். உங்க விவரம் எங்க ஃபைல்ல இருக்கும். எதாவது வந்தா கூப்பிடறோம்."

வைத்துவிட்டாள். இரண்டு மெக்கானிக்குகள் கருவிப் பையோடு படியேறி வந்தார்கள். "என்ன சார், புது ஆபீஸா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, ஆமா, என்னைக்கு வர்றீங்கன்னு துளைச்சு எடுக்கறாங்க" என்றார் நம்மவர். ஏன் அப்படிச் சொன்னார்? எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. போகிறவருக்குப் போகாமலிருக்கத் தெரியாது.

வீட்டுக்குப் போனார். மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் வேலை பார்த்துவிட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, இன்னிக்குப் பாடலையே?"

"தொண்டை கட்டிருக்கு."

"தொண்டையா, வேலையா?"

சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் மனைவி மடித்த துணியைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். இரண்டு சம்பளத்தில் நடக்கிற வீடு. மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகவேண்டும். ஒரு சம்பளத்தில், அதிலும் அரைநாள் சம்பளத்தில், இரண்டு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். மூன்றாவது மாதம் முடியாது. இது அவருக்கும் தெரியும்.

"நாளைக்கு நேரா மேடம்கிட்ட போங்க. நடந்ததைச் சொல்லி, ராஜினாமாவைத் திருப்பிக் குடுங்கன்னு கேளுங்க. அதே நாற்காலி, அதே வேலை."

"நாற்காலியைக் குடுத்துட்டேன்."

"வேலை இருக்குல்ல?"

முதல் பக்கத்தின் உச்சியில் தான் போட்ட அடிக்கோடு அவர் கண் முன்னால் வந்து நின்றது.

புதன்கிழமை காலை மேலாளர் அறைக் கதவை, வெகு நாளைக்குப் பிறகு, தட்டிவிட்டு உள்ளே போனார். நடந்ததைச் சொல்லத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

"மேடம், எனக்கு ஒரே உறுத்தல். நான் போயிட்டா அட்டவணை என்ன ஆகும்னு யோசிச்சா மனசே சரியில்ல. வேணும்னா புது இடத்துல கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்னு சொல்லிட்டு, இங்கேயே..."

"சேச்சே, உங்க வாழ்க்கைக்கு நாங்க குறுக்க நிக்கலாமா? அட்டவணையைப் பத்திக் கவலையே படாதீங்க. உங்க குறிப்பு அவ்வளவு தெளிவு. அந்த இடத்துக்கு ஆளே எடுக்கல."

"அந்த நாப்பது நிமிஷம்னு போட்டிருந்தது... அது டைப் அடிக்கறப்ப தப்பாயிடுச்சு மேடம். நாலு மணி நேரம்."

"அப்படியா? ஹலோ நேத்து போட்டா. முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு."

"அது... நேத்து லேசான நாள் மேடம்."

"நேத்துதான் இந்த மாசத்துலயே அதிகமாம். உங்க குறிப்புல மூணாம் பக்கத்துல போட்டிருக்கு."

வெளியே வந்தார். நொண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னுடைய குறிப்பைத் தானே எடுத்து, ஒரு விரோதியின் கடிதத்தை வாசிப்பதுபோல, வரி வரியாகத் தப்புத் தேட ஆரம்பித்தார். எங்கேயாவது ஓட்டை இல்லாமலா இருக்கும்? ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும். 'இதோ பாருங்கள், நான் இல்லாமல் நடக்காது' என்று தூக்கிக்கொண்டு ஓடலாம். முதல் பத்துப் பக்கம் தேடினார். இல்லை. பதினான்காம் பக்கத்தில் மாட்டும் என்று நினைத்தார். அட்டவணை தானே திருத்திக்கொள்கிற இடம், ரொம்பச் சிக்கலான இடம். படித்தார். அவ்வளவு சிக்கலையும் ஒரு குழந்தைக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 'என்ன அருமையா எழுதியிருக்கான், பாவி!' என்று தன்னையே மெச்சிக்கொண்டு, அந்தப் பாவி யார் என்று நினைவு வந்ததும் அடங்கிவிட்டார். இருபத்தேழு பக்கத்திலும் ஒரு கால்புள்ளிகூட இடம் மாறவில்லை. பதினோரு வருடத்தில் அவர் ஒழுங்காகச் செய்து முடித்த முதல் வேலை அது.

அன்றைக்குப் பார்த்து அலுவலகத்தில் எல்லோருக்கும் அவருடைய புது வேலையைப் பற்றி ஆர்வம் பொத்துக்கொண்டு வந்தது. "அங்க உங்களுக்குத் தனி அறையா சார்?" என்றார் கணக்கர். தனி அறைதான், கண்ணாடி அறை என்றார் நம்மவர். "ஜன்னல் உண்டா சார்?" என்றாள் ஹலோ. ரெண்டு ஜன்னல் என்றார். "கார் வந்து கூட்டிப் போகுமா சார்?" என்றார் மூத்த மெக்கானிக், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு. கார் வரும், ஆனால் நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், எளிமை முக்கியம் என்றார். மாலைக்குள் அந்த இல்லாத அலுவலகத்தில் அவருக்கு ஒரு செயலாளர், மீன் தொட்டி, சாய்வு நாற்காலி எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. வேலை இருந்தபோதுகூட அவர் அந்த வேலையை இவ்வளவு நேசித்ததில்லை.

வியாழக்கிழமை தாங்க முடியவில்லை. மனைவி காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்தாள். மகள், "அப்பா, உங்க புது ஆபீஸ் நான் சேரப்போற காலேஜுக்குப் போற வழியில இருக்கும்ல?" என்று கேட்டாள். அவ்வளவுதான். நேராக மேலாளர் அறைக்குப் போய், உட்காராமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், அந்த வேலை இல்லேன்னுட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல. ஏதாவது ஒரு இடம் குடுங்க. எதுவா இருந்தாலும் சரி."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "இதைச் சொல்ல மூணு நாளா?"

"மேடம்?"

"செவ்வாய்க்கிழமை நீங்க படியில நின்னு பேசினது மூணு மாடிக்கும் கேட்டுச்சு. கேக் சொல்லிட்டாங்கன்னு கத்தினீங்களே, கீழ்த்தளத்துல இருக்கற பல் டாக்டர் என்ன விசேஷம்னு போன் பண்ணினார்."

நம்மவருக்கு மீன் தொட்டி நினைவுக்கு வந்தது. சாய்வு நாற்காலி நினைவுக்கு வந்தது. காது மடல் வரை சுட்டது. "அப்ப நேத்து எல்லாரும் கேட்டாங்களே..."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்றப்ப யாருக்கும் நிறுத்த மனசு வரல."

அதற்குப் பிறகு மேலாளர் சொன்னது இது. அட்டவணை வேலை ஹலோவுக்குப் போய்விட்டது. அவளே வந்து கேட்டாள், கேட்கச் சொன்னது நீங்கள்தானாமே. அவளுக்கு அதோடு இன்னும் நான்கு மணி நேர வேலை சேர்த்துக் கொடுத்தாயிற்று. அதனால் அவள் இடம் காலி. தொலைபேசி எடுக்க ஆள் வேண்டும். சம்பளம் அதே. "ஆனா திங்கக்கிழமை மீட்டிங்குக்கு என் பக்கத்து நாற்காலியில வந்து உக்காரணும். கையில பேனா இருக்கக்கூடாது."

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தார். மனிதர் அழுதே விட்டார். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத ஏதோ ஒன்றை அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியனுப்பு விழாவை நிறுத்த முடியவில்லை. கேக் வந்துவிட்டது. அதன் மேல் 'சென்று வாருங்கள்' என்று எழுதியிருந்தது. பேச்சு தயார் செய்து வைத்திருந்தவர்களுக்கு அதை வீணாக்க மனமில்லை. கணக்கர் பேசினார். ஹலோ பேசினாள். எங்கேயும் போகாத மனிதரின் பிரிவைத் தாங்க முடியாது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். மூத்த மெக்கானிக் கடைசியாக எழுந்தார். "சார் போறாருன்னு சொன்னதும், இன்னிக்கு எப்படியாவது அழுதுடணும்னு வெச்சிருந்தேன். வருமோ வராதோன்னு பயமா இருந்துச்சு. இப்ப போகலன்னுட்டாரு. பத்தொம்பதாம் பக்கத்தை நெனச்சுப் பாக்கறேன், அழுகை தானா வருது சார்." அறை அதிர்ந்தது. அதிகமாகச் சிரித்தவர் நம்மவர்தான். அன்றைக்கு வேலை இருக்கிற மனிதர் அவர். எதைச் சொன்னாலும் சிரிக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஹலோவின் மேஜைக்குப் போனார். அவள் ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். நான்கு வரி. 'போன் அடித்தால் எடுக்கவும். கத்தினால் கத்த விடவும். மெக்கானிக்கை அனுப்பவும். மற்றவை பழகப் பழகத் தெரியும்.'

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. "ஏம்மா, ஆறு வருஷம் பாத்த வேலை. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்தறவங்களை ரெண்டே வார்த்தையில அடக்குவியே, அது என்ன வார்த்தைன்னு கூட எழுதலையே?"

"எழுதலை சார்."

"ஏன்?"

அவள் நல்ல நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னாள். "நான் போறவ இல்லையே சார்."

தொலைபேசி அடித்தது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் யாரோ ஒருவர், மூட்டை முடிச்சுகளோடு, முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். அவரைக் கத்த விட்டுவிட்டு நம்மவர் மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "போறேன் சார், உடனே போறேன்" என்றார் மெக்கானிக். "ஆனா ஒரு மணி நேர வேலையாச்சே. மூணு மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?"

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க, உடம்பைப் பாத்துக்குங்க" என்றார் நம்மவர், குரலில் தேன் ஒழுக. போகிறவர் என்ற அந்த இனம் அவருக்குள் அன்றைக்கு முற்றிலும் அழிந்துபோனது.

நல்ல வேளை, நான் ராஜினாமா எதுவும் கொடுக்கவில்லை, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்றைக்காவது இங்கிருந்து கிளம்புகிற அன்று யார் யாரிடம் போய் எதை எதைச் சொல்லிவிட்டு வருவது என்று உங்கள் மனசுக்குள் ஒரு பட்டியல் இருக்குமே, அதில் முதல் பெயர் யாருடையது? சொல்ல வேண்டாம். அந்தப் பெயரை நினைத்ததும் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிட்டார்.